தேயிலை மலைக்குப் பலகை உண்டு, லயத்துக்கு?

தோட்டத்துக்குள் நுழைந்தால் பலகைகளுக்குக் குறைவில்லை. வாசலில் தோட்டத்தின் பேர், கம்பனியின் பேர், கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே போனால் மலைக்கு மலை ஒரு சின்னத் தகரம்: மலை நம்பர், பரப்பு, தேயிலை நட்ட வருஷம், கடைசியாகக் கவ்வாத்து வெட்டிய தேதி. ஒரு தேயிலைச் செடியின் வயசை வழிப்போக்கர்கூட வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தச் செடியை நட்டவர்கள் குடியிருந்த லயம் எப்போது கட்டப்பட்டது, யார் யார் அதில் வாழ்ந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை, எழுத்தும் இல்லை. கொழுந்து பறித்த தாயின் பிள்ளை நான். பிறகு வாத்தியார் வேலை பார்த்தேன். இது எனக்குப் பொறுக்கவில்லை.

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரோனின் கல்லறை இருக்கிறது. 1879இல் இறந்த அந்த அம்மையாரின் புகைப்படங்களை உலகம் இன்றும் கொண்டாடுகிறது. கல்லறையைத் தேடி வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். வரட்டும். இலங்கையில் அவர் நம் தொழிலாளர்களையும் படம் பிடித்தார். அந்தப் படங்களில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்குப் பேர் இல்லை.

சட்டமும் நமக்குக் கை கொடுக்காது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான் புராதனமாகக் கணக்கெடுக்கிறது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். நம் முன்னோர் கோப்பிக் காட்டுக்கு வந்து சேர்ந்ததோ 1820களில். ஆகவே நமது லயம், காலையில் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக்களம், பிள்ளைக் காம்பரா, தொழிற்சாலைச் சாமியான ரோதைமுனிக்கு நட்ட கல் எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம். அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவித்தால்தான் உண்டு. அதுவரை காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

லயத்தை இடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மழைக்கு ஒழுகாத மூலை தேடிப் படுத்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும். ஒரு லயத்தை அப்படியே காப்பாற்றிக் காட்ட கம்பளை ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. மற்ற இடங்களில் லயம் இடிகிற அன்றைக்கே அந்த மண்ணில் ஒரு பலகை நிற்கவேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

எழுதிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. கோயிலில் டியூப்லைட்டில்கூட உபயம் செய்தவர் பேர் இருக்கிறது. கும்பாபிஷேகக் கல்லில் துரையின் பேரும் அமைச்சரின் பேரும் வந்துவிடுகின்றன. முதல் முதலில் கல்லை நட்டு விளக்கேற்றிய குடும்பத்தின் பேரையும் அதே கல்லில் சேர்ப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்?

எங்கள் ராகலையில் முதல் பலகையை, ஒரு காலத்தில் ஓடிய ரயிலுக்கு வைக்கலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் இங்கே ரயில் ஓடியது. 1903இல் நுவரெலியா வரை, அடுத்த வருஷம் ராகலை வரை. தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுபோகப் போட்ட பாதை, லொறிகளோடு போட்டிபோட முடியாமல் 1940களில் மூடப்பட்டது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பிள்ளை இதை அங்கேயே வாசிக்கட்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் முழு விபரமும் இருக்கவேண்டும், தலைப்பு மட்டும் போதாது. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கும் இது சொந்தக் கதைதான்.

தயவுசெய்து பெனர் அடிக்காதீர்கள். நம் காற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது, மரப்பலகை உக்கிப்போகும், தகரம் துருவேறும். கோயிலுக்குக் கருங்கல்லில் எழுத்து வெட்டுகிறவர்களே இதையும் வெட்டட்டும். பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருந்தால் போதும், ஆளுயரத் தூண் தேவையில்லை. செலவை வலப்பனை பிரதேச சபையும் கோயில் கமிட்டிகளும் பகிர்ந்துகொள்ளலாம். தோட்ட நிர்வாகங்களிடம் காசு கேட்கவில்லை. ஆபீஸ் அலுமாரிகளில் பழைய செக்ரோல் புத்தகங்கள் மிஞ்சியிருந்தால் கரையான் தின்னுமுன் திறந்து காட்டட்டும். கல்லில் வெட்டவேண்டிய பேர்கள் அவற்றில்தான் இருக்கின்றன.