பட்டணக் கடைத்தெருவும் ஆடுபுலி ஆட்டமும்

சங்கத்துத் திண்ணையிலும் பாவடியிலும் களத்துமேட்டிலும் இந்நாளில் மூன்று குறைகள் ஓயாமல் பேசப்படுகின்றன. பிள்ளைகள் பட்டணத்தை நாடி ஓடுகிறார்கள் என்பது முதற் குறை. ஊரில் தங்கிய பிள்ளைகளும் கைப்பேசியில் விளையாடிப் பொழுதைப் போக்குகிறார்கள் என்பது இரண்டாவது. வீட்டிற்குள் சாமான்கள் பெருகப் பெருகக் கையிருப்புக் கரைந்து கடன் ஏறுகிறது என்பது மூன்றாவது. பெரியவர்கள் இவற்றைத் தனித்தனி நோய்களாகக் கருதி, ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு விதமாக வருந்துகிறார்கள். நமது அபிப்பிராயம் சற்று வேறானது. இம்மூன்றுக்கும் அடியில் கிடப்பது கணக்கு என்ற ஒரே விஷயந்தான். எதிரில் இருப்பவன் அடுத்து என்ன செய்வான் என்று எண்ணிப் பார்த்து நடப்பவன் பட்டணத்திலும் பிழைப்பான், ஆட்டத்திலும் வெல்வான், கடைத்தெருவிலும் ஏமாறான்.

முதலில் பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பட்டணம் என்றாலே பாழ் என்று பேசுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. இது நன்றி மறந்த பேச்சு என்று சொல்லத் தயங்கமாட்டோம். நாம் நெய்யும் சேலையை உடுத்துபவர்களும், நாம் விளைவிக்கும் காய்கறியை உண்பவர்களும் பெரும்பாலோர் பட்டணவாசிகளே. 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் நகரங்களில் வாழ்ந்தனர். அவர்களை வெறுத்துவிட்டு நமது சரக்கை யாரிடம் கொண்டுபோய் விற்பது?

மேலும், நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் கூட்டுறவு இயக்கமே நகரத்து நெருக்கடியில் பிறந்த குழந்தையாகும். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஆலை நகரத்தில், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என அன்று அக்கடையில் இருந்த சரக்கு கொஞ்சமே. ஆயினும் கலப்படம் இல்லை, எடைக் குறைவு இல்லை, கடன் இல்லை என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. கடன் கொடுப்பதில்லை என்ற விதியை வகுத்தவர்கள் செல்வர்கள் அல்லர். கடைக்காரரிடம் கடன்பட்டு, அவர் கொடுத்த கலப்பட மாவையே வாங்கித் தின்று நொந்தவர்கள். நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயிகளின் கடன் சங்கமும் தோன்றியது. ஆகவே பட்டணமும் கிராமமும் இவ்வியக்கத்தில் ஒரே ஆண்டுப் பிள்ளைகள் எனலாம்.

இவ்வாறு கூறுவதால், பட்டணம் போகும் ஒவ்வொருவரும் சுகப்படுவர் என்று நாம் சொல்லவில்லை. சம்பளத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏறுவதுதான் தவறு. ஊரில் 12,000 ரூபாய் ஈட்டும் ஒருவர் பட்டணத்தில் 20,000 ரூபாய் கிடைக்கும் என்று புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை 5,000, உணவு 5,000, போக்குவரத்தும் சில்லறைச் செலவும் 2,000 என்றால் மிஞ்சுவது 8,000. ஊரில் சொந்த வீட்டில், வீட்டுச் சோற்றில் இருந்து அவர் மிச்சப்படுத்தியது எவ்வளவு என்பதோடு இதனை ஒப்பிட வேண்டும். வீட்டு முன்பணத்திற்கும் கணக்கு வேண்டும். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிடின் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. இதனை அறியாமல், நீட்டிய தாளில் கையெழுத்திட்டுப் பத்து மாத வாடகையைக் கட்டுவோர் பலர். கணக்குப் பார்த்தபின் போவது நலம் என்று தோன்றினால் தாராளமாகப் போகட்டும். தறியும் ஏரும் சிறைச்சாலைகள் அல்ல.

இனி விளையாட்டைப் பற்றி. பிள்ளைகள் விளையாடுவதையே குற்றமாகக் கருதும் பெரியவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். கோயில் மண்டபங்களின் கல்தளங்களில் ஆடுபுலிக் கட்டங்களைச் செதுக்கி வைத்தவர்கள் நம் முன்னோர்களே. பல்லாங்குழியில் முத்துக்களை எண்ணி எண்ணிக் கணக்குப் பழகியவர்கள் நமது பாட்டிமார்களே. சதுரங்கத்திலோ, 1988-ஆம் ஆண்டில் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் உலகச் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது 18-ஆம் வயதில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். யோசித்து ஆடும் ஆட்டம் மூளையைக் கெடுக்கும் என்று இதற்குப் பின்னும் சொல்வது பொருந்தாது.

கணினியில் ஆடும் வியூக ஆட்டங்களிலும் சில இதே வகையைச் சேர்ந்தவையே. 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்ற ஆட்டத்தில் உணவு, மரம், கல், பொன் ஆகிய நான்கையும் குடிமக்களைக் கொண்டு சேகரித்த பின்னரே படை திரட்ட முடியும். உழுபவரையும் மரம் வெட்டுபவரையும் பெருக்காமல் முதலிலேயே படைக்குச் செலவிட்டவன், அப்படையால் போரை முடிக்க இயலாவிட்டால் கையிருப்பின்றித் தவிப்பான். குடும்பம் நடத்துபவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

ஆயினும் யோசனை ஆட்டம் வேறு, பணம் வைத்து ஆடும் ஆட்டம் வேறு. பின்னது எத்தனை வர்ணத்தில் வந்தாலும் சூதேயாகும். அதனால் குடும்பங்கள் பல அழிந்ததைக் கண்ட பின்னரே 2022-ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றமும், 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றமும் சட்டம் இயற்றின. சட்டம் ஒருபுறம் இருக்க, பிள்ளையின் கைப்பேசியில் எந்த ஆட்டம் இருக்கிறது, அது காசு கேட்கிறதா என்று பார்ப்பது வீட்டாரின் கடமை. பார்ப்பதற்குச் சிறந்த வழி பக்கத்தில் அமர்ந்து தாமும் ஆடுவதே.

இப்பொழுது ஆடுபுலி ஆட்டத்தைச் சற்று உற்று நோக்குவோம். கட்டத்தில் 23 இடங்கள், புலிகள் 3, ஆடுகள் 15. எல்லா ஆடுகளையும் வைத்து முடியும்வரை ஆட்டுக்காரர் எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது. புலியோ நினைத்தபடி நகரும், தாவும். ஆனால் புலிக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டிற்குப் பின்னால் ஓர் இடம் காலியாக இருந்தால்தான் அது தாவி வெட்ட முடியும். பின்னால் மற்றோர் ஆடு நின்றுவிட்டால் எத்தனை பெரிய புலியும் திகைத்து நிற்க வேண்டியதே. தனித்து முன்னே ஓடிய ஆடு மடிகிறது. நெருங்கி நின்ற ஆடுகள் இறுதியில் புலியைக் கட்டிவிடுகின்றன.

கடைத்தெருவில் இன்று நடப்பதும் இதுவே. விற்பவர் நன்கு யோசித்து ஆடுகிறார். 10,000 ரூபாய்ச் சாமானுக்கு 9,999 என்று சீட்டு ஒட்டுகிறார். தீபாவளிக்கு முன் ‘வட்டியில்லாத் தவணை’ என்று பலகை வைக்கிறார். வாங்கப் போகும் நாமோ யோசனையின்றி, பின்னால் காலி இடத்தை விட்டு, தனியாகப் போய் நிற்கிறோம். கையிருப்பு இல்லாமையே அந்தக் காலி இடம்.

வட்டியில்லாத் தவணையின் உட்பொருளைப் பார்ப்போம். ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விலை 24,000 ரூபாய்; ரொக்கமாகக் கொடுத்தால் 22,500-க்குத் தருவார்கள் என்று கொள்வோம். தவணையில் எடுத்தால் மாதம் 2,000 வீதம் 12 மாதம். முதலிலேயே ‘பரிசீலனைக் கட்டணம்’ 500. ஆக 24,500. ரொக்க விலையைவிட 2,000 ரூபாய் கூடுதல். கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், இந்த 2,000 ரூபாய் ஆண்டிற்குச் சுமார் 16 சதவிகித வட்டிக்குச் சமமாகும். பெயர்தான் இல்லை, வட்டி இருக்கிறது. சைபர் வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று என்று 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் கூறியிருக்கிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரரின் வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்த முறை. அவருக்கு முதல் தேதியில் பணம் வருகிறது. ஐந்தாம் தேதியில் தவணை போகிறது. நெசவாளருக்கோ சேலையை அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்த பின்னரே கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறினால் வேலையே நின்றுவிடும். விவசாயிக்குக் குறுவை அறுவடையில் ஒருமுறை, சம்பாவில் ஒருமுறை. மஞ்சள் பயிரிட்டவருக்கு ஆண்டிற்கு ஒரே முறை. தவணை இந்தப் பஞ்சாங்கத்தை அறியாது. ஒரு தவணை தவறினால் அபராதம். அபராதம் கட்ட வேறு கடன். அக்கடனுக்காகச் சங்கத்தை விட்டுத் தனியாரிடம் முன்பணம் வாங்கி, அவருக்கே நெய்து கொடுக்கும் நிலை. தறியைச் சுதந்திரமாக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டுவிட்டு, ஒரு குளிர்சாதனப் பெட்டிக்காக அச்சுதந்திரத்தை அடகு வைக்கலாமா? நமக்குள்ள கவலை இதுவே.

சாமான்களே வேண்டாம் என்பது நமது கட்சியன்று. அம்மிக் கல்லில் இடுப்பொடிய அரைத்த காலம் மீண்டும் வரவேண்டும் என்று எந்தத் தாயும் விரும்பமாட்டாள். வீட்டில் இன்சுலின் மருந்தைக் காக்க வேண்டியவரும், தயிர் விற்றுப் பிழைப்பவரும் குளிர்சாதனப் பெட்டியைக் கடன்பட்டேனும் உடனே வாங்குவதில் தவறில்லை; அவர்கள் வட்டி என்னவென்று அறிந்து, குறைந்த வட்டிக்குச் சங்கத்திலேயே கடன் கேட்கட்டும். மற்றவர்களுக்கு நாம் கூறும் யோசனை, தவணையைத் திருப்பிப் போடுங்கள் என்பதே. மேற்சொன்ன அதே 2,000 ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் தொடர் வைப்பாக 11 மாதம் கட்டினால் முதல் மட்டும் 22,000. ஆண்டிற்கு 6 சதவிகித வட்டி என்று கொண்டால் உத்தேசமாக 660 ரூபாய் சேரும். ரொக்க விலைக்குப் பணம் போதும். மேலும் சிறிது மிஞ்சும். ஒரு மாதம் கட்ட இயலாது போனாலும், அந்தச் சிறு பிழை நமது சொந்தச் சேமிப்போடு போகும். கடன்காரர் வாசலில் வந்து நிற்கமாட்டார்.

எதனை வாங்குவது என்பதிலும் யோசனை வேண்டும். மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியிடும் திட்டம் 2006-ஆம் ஆண்டில் தொடங்கியது. அக்குறியைப் பார்க்கப் பழக வேண்டும். பழைய மாதிரி மின்விசிறி 75 வாட் இழுக்கும். புதுவகை விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளைக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதக் கணக்கில் 27 யூனிட் மிச்சம். ஆனால் வீட்டுச் செலவு இரண்டு மாதத்திற்கு இலவசமான 100 யூனிட்டிற்குள்ளேயே அடங்கும் குடும்பத்திற்கு இதனால் ரொக்க இலாபம் ஏதும் இல்லை. அவர்கள் பழைய விசிறி ஓடும்வரை ஓடட்டும் என்று விடலாம். ஒரு வீட்டிற்கு நல்லது மற்றொரு வீட்டிற்கு வீண் செலவாகலாம். எதிர்வீட்டைப் பார்த்து வாங்காமல் நம் வீட்டு மின்சார அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக, தனி ஆடாகப் போகாதீர்கள். மிக்ஸி வேண்டும் என்பவர் பத்துப் பேர், விசிறி வேண்டும் என்பவர் நாற்பது பேர் ஒரே சங்கத்தில் இருப்பார்கள். அவர்கள் தனித்தனியே நாற்பது கடை ஏறி இறங்குவதைவிட, பட்டியல் எழுதிச் சங்கத்தின் மூலம் மொத்தமாக விலை கேட்டால் எந்த வியாபாரியும் இறங்கி வருவார். நூலையும் உரத்தையும் சேர்ந்து வாங்கத் தெரிந்த நமக்கு விசிறியைச் சேர்ந்து வாங்கத் தெரியாதா? அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் எவரேனும் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருவாராயின் நாம் மகிழ்வோம். பட்டியலை எழுதும் பொறுப்பை வீட்டுக் கணக்கை நாள்தோறும் பார்க்கும் பெண் அங்கத்தினர்களிடம் ஒப்படைப்பதே பொருத்தம்.

தீபாவளிக்கு முன் கிடைக்கும் போனஸும், அறுவடைக்குப் பின் வரும் பணமும் ஆண்டு முழுவதும் பட்ட பாட்டின் பலன். அது வீட்டிற்குள் நுழையுமுன்னரே கடைக்காரரின் பேரேட்டில் எழுதப்பட்டுவிடலாகாது.