பழைய பந்தய வண்டிகள்

இத்தாலியில் கோமோ ஏரியை அடுத்த கிசால்லோ மலைமேல் சிறியதொரு மாதா கோயில் உண்டு. 1949இல் போப்பாண்டவர் அவ்வன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் காவலியாக அறிவித்தார். பார்த்தாலி, கோப்பி முதலிய பெருவீரர்களின் வண்டிகள் அக்கோயிற் சுவர்களை அணிசெய்கின்றன. 1995இல் பிரெஞ்சுப் பெரும் பந்தயத்தின்போது, பிரனீசு மலைச்சரிவில் வீழ்ந்து உயிர்நீத்த பாபியோ காசர்தெல்லியின் வண்டியும் அங்கு உளது. அது சிதைந்தபடியே இருக்கின்றது. எவரும் அதனைச் செப்பனிடவில்லை. அதுவே தக்க முறை.

பழைய பந்தய வண்டிகளைத் தேடி வாங்குவோருள் சிலர், முதல் வேலையாகப் பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசுகின்றனர். கைவினைஞர் எஃகுக் குழாய்களைப் பித்தளையால் பற்றவைத்து ஆக்கிய சட்டம் அதனால் பளபளக்கும், மெய்தான். ஆனால், ஓட்டியவன் வீழ்ந்தெழுந்த கீறல் மறைந்துபோம். அவன் உடலுக்கேற்பக் குழிந்த தோலிருக்கையையும் மாற்றிவிட்டால், எஞ்சுவது கடைச்சரக்கே. சங்கிலிக்கு எண்ணெய் இடலாம். அறுந்த கம்பியை மாற்றலாம். கீறலைத் தொடுதல் ஆகாது.