செவி கொடுத்தால் போதுமா?

அலுவலகத்தில் ஒருவர் முரண்டு பிடித்தால் இப்பொழுது அவருக்கு உளவியல் பயிற்சி அளிக்கின்றனர். ஏசி வெளியேற்றுவதினும் இது மேலானதே; மறுப்பாரில்லை. ஆயினும் அதற்கு 'முரண்டு' என்று பெயர் சூட்டியவர் யார்?

அமெரிக்காவில், சிக்காகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையைப் பாருங்கள். தொலைபேசிக் கருவியின் பகுதிகளை இணைக்கும் பெண்கள் சிலரைத் தனியறையில் அமர்த்தி 1927 முதல் ஆராய்ந்தனர். மிகுதியாகப் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்று 1928-இல் இருவரை அகற்றினர். அவர்களுக்குப் பதிலாக வந்தவருள் ஒருத்தி மிகுந்த வேகக்காரி. கூலிக் கணக்கும் அச்சிறு குழுவுக்கெனத் தனியே வகுக்கப்பட்டிருந்தது. உற்பத்தி உயர்ந்தது. பரிவான மேற்பார்வையின் வெற்றி என அதைப் பாடமாக்கிவிட்டார்கள்! அகற்றப்பட்ட அவ்விருவரை நினைவுகூர்வோர் எத்தனை பேர்?

1936-இல் அங்கேயே ஆலோசகர்களையும் நியமித்தனர். தொழிலாளி மனம்விட்டுப் பேசலாம். ஆலோசகர் பொறுமையுடன் கேட்பார். கேட்ட குறையைத் தீர்ப்பது மட்டும் அவர் வேலையன்று! நோயைக் கேட்டறிந்து மருந்து தராமல் அனுப்பும் வைத்தியரை நம் வீட்டார் இருமுறை நாடுவார்களா?

இன்றைய பயிற்சியாளருக்கும் ஊதியம் தருவது நிர்வாகமே. ஆகவே எம் கோரிக்கை இதுதான்: அவர் முன்னுள்ள நாற்காலியில் முதலில் மேலதிகாரி அமரட்டும். கூலியும் வேலைநேரமும் அம்மேலதிகாரியின் நாவும் விசாரிக்கப்பட்ட பின்னர் ஊழியரின் மனத்தை ஆராயலாம்.