மூன்றாம் பத்தியை நீக்குங்கள்

கிராமத்து ஆயருக்கு இன்று அதிகச் சங்கடம் தருவது அவருடைய பீரோவில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் பிள்ளையின் பெயரை எழுதினால், ஆதிதிராவிடர் என்ற சாதிச் சான்றிதழ் நாளைக்குக் கேள்விக்குள்ளாகும். எழுதாவிட்டால், அந்தக் குடும்பம் சபையில் இருப்பதற்கே ஆதாரம் கிடையாது. கோயிலுக்கு வருகிற ஆளை ஏட்டில் காட்ட முடியாத சபை எதைக் கொண்டு தன்னை நடத்திக்கொள்ளும்?

சந்தவாசல், போளூர், ஆரணி வட்டாரத்தில் கிறித்தவம் பரவியதில் ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்குப் பெரும்பங்கு உண்டு. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிக்காரர்கள். தலைமுறைகள் கடந்தும் அவர்களின் வாரிசுகள் பலருக்கு வீடு காலனியில்தான். நிலத்துக்காரர் யாரும் மதத்தைக் கேட்டுவிட்டு அவர்களை நடத்துவதில்லை. கேட்பது அரசு மட்டும்தான்.

பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கே உரியது என்றது 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். கல்வி உதவித்தொகையை மாநில அரசு தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் தனித்தொகுதியில் அவர் நிற்க முடியாது. அடிபட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, கிறித்தவர் என்பதால் அரசின் இலவசப் பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லையாம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், இந்தத் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. கிறித்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் இந்தத் தகுதி கேட்டு நம் சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசோ 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்து, இரண்டாண்டுக் கெடு முடிந்ததும் நீட்டித்தது. சலுகைக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது மோசடி என்று 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படிச் சொல்ல வைப்பதே இந்த மூன்றாம் பத்திதான்.

கிறித்தவத்தில் சாதி இல்லையே, பிறகு சலுகை எதற்கு என்று கேட்போர் எறையூரை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இது திருச்சபைக்குத் தலைகுனிவு. டெல்லிக்கு மனு கொண்டு போகும் திருச்சபைத் தலைவர்கள், தங்கள் எல்லைக்குள் சாதி பார்த்துப் பிரித்த கல்லறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலையும் வெளியிட்டு, அந்தச் சுவர்களை இடிக்க நாள் குறிக்க வேண்டும்.

அவர்கள் அதைச் செய்யும்வரை அரசு காத்திருக்கத் தேவையில்லை. அரசமைப்புத் திருத்தமும் வேண்டியதில்லை. 1956இலும் 1990இலும் செய்ததுபோல் நாடாளுமன்றத்தில் ஒரு சாதாரணச் சட்டம் போதும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அதைக் கொண்டுவரலாம்.