மின் கட்டணம் கூடினால் கம்ப்யூட்டர்தான் காரணமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் இரண்டு மாதங்கள் மகிழ்ச்சியாகவே போகும். மின் கட்டணம் வந்தவுடன்தான் பிரச்சினை தொடங்கும். கட்டணம் கொஞ்சம் கூடியிருந்தால் போதும், "எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரால் வந்தது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் முதல் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி. பல வீடுகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதே என் கருத்து.

பயத்திற்கு ஒரு காரணம், சி.பி.யு. பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். மீது அச்சிடப்பட்டுள்ள 450 வாட்ஸ் என்ற எண். கம்ப்யூட்டர் எந்நேரமும் 450 வாட்ஸ் எடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு மட்டுமே. 50 பேர் அமரும் பஸ் என்றால் எப்போதும் 50 பேர் பயணம் செய்கிறார்கள் என்று பொருள் இல்லையே! தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர், எல்.இ.டி. மானிட்டருடன் சேர்த்து, கடிதம் டைப் செய்யவும் இன்டர்நெட் பார்க்கவும் சுமார் 100 வாட்ஸ் எடுக்கும் என்று கொள்ளலாம். லேப்டாப் என்றால் இதில் பாதி கூட ஆகாது.

இனி கணக்கைப் பார்ப்போம். 1,000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினமும் மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் இயங்கினால் இரண்டு மாதத்திற்கு 18 யூனிட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட்ஸ் எடுக்கும். தினமும் 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டைத் தாண்டும். 2,000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டரைத் தினமும் அரை மணி நேரம் போட்டால் 60 யூனிட். ஏ.சி.யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, படிக்கும் பிள்ளையைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பிவிடுவது எந்த வகையில் சிக்கனம்?

ஃபேனை மாற்றுவதே முதல் வேலை என்று நான் சொல்வேன். பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட ஃபேன்கள் 30 வாட்ஸ் அளவில் அதே காற்றைத் தருகின்றன. மேலே சொன்ன கணக்கில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். கம்ப்யூட்டருக்கான 18 யூனிட்டைப் போல இரண்டு மடங்கிற்கும் மேல்! யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் முறையில் கட்டணம் போடப்படுவதால், கடைசியில் மிச்சமாகும் யூனிட்களுக்குத்தான் அதிகப் பணம் மிச்சம்.

கம்ப்யூட்டர் மீது தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயன்படுத்துபவரின் பழக்கத்தில் தவறு இருக்கலாம். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு சி.பி.யு.வை இரவும் பகலும் ஓடவிடுபவர்கள் உண்டு. அது 50 வாட்ஸ் எடுத்தால்கூட இரண்டு மாதத்தில் 72 யூனிட். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டு மணிக்கணக்கில் கேம்ஸ் ஆடினாலும் செலவு பல மடங்காகும். அப்போது பெற்றோரின் கோபம் நியாயமானதே.

ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்கும் என்பதும் தவறான எண்ணம். பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களின் திரையில் தழும்பு விழாமல் இருக்க வந்தது அது. அதற்குப் பதிலாக ஸ்லீப் வசதியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 11ல் ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் எனச் செல்லவும். திரை 5 நிமிடத்திலும் கம்ப்யூட்டர் 15 நிமிடத்திலும் தூங்கும்படி அமைத்திடுங்கள். ஸ்லீப் நிலையில் சி.பி.யு. சில வாட்ஸ் மட்டுமே எடுக்கும். இரவில் ஷட் டவுன் செய்து, அது முழுதாக முடிந்த பின் சுவிட்சை அணைத்திடுங்கள். வேலை நடக்கும்போது கோபத்தில் மெயின் சுவிட்சை அணைத்தால் ஃபைல்கள்தான் கெட்டுப்போகும்.

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே சோதிக்கலாம். டிஜிட்டல் மின் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண்ணும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அது 3,200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற அனைத்தையும் ஆறு நிமிடம் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் இயக்கி, எத்தனை முறை மின்னுகிறது என எண்ணுங்கள். 32 முறை என்றால், ஒரு மணி நேரத்திற்கு 320. அதாவது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. பிறகு ஒரு ஃபேனையும், வாட்டர் ஹீட்டரையும் இதேபோல் தனித்தனியே சோதியுங்கள். பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.

சீலிங் ஃபேன்களுக்கு 2023 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் கட்டாயம். ஃபிரிட்ஜ், ஏ.சி.க்கும் அப்படியே. கடையில் அசெம்பிள் செய்து தரும் கம்ப்யூட்டரில் இப்படி எதையும் பார்க்க முடிவதில்லை. இது எத்தனை வாட்ஸ் எடுக்கும் என்று வாங்கும்போதே கேளுங்கள். விற்பவர் எழுதித் தரட்டும். ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்கும் நாம் இதையும் கேட்கத் தொடங்கினால், கடைக்காரர்களும் சொல்லப் பழகிக்கொள்வார்கள். அடுத்த மின் கட்டணம் வரும் முன் மீட்டரைப் பார்த்து ஒரு கணக்கு எழுதி வையுங்கள். பிள்ளைகளின் கம்ப்யூட்டர் நேரத்தை அதன் பிறகு முடிவு செய்யலாம்.