மைக்கை மூடிக்கொண்டு ஒரு சேர்ந்திசை

நான்கு குரல்கள் சரியாகச் சேர்ந்தால் ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும் என்பார்கள் அமெரிக்காவின் பார்பர்ஷாப் பாடகர்கள். இதில் மாயமோ மந்திரமோ இல்லை. சுத்தமாகச் சுருதி சேர்த்த தம்புராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து ஒலிப்பதைக் கர்நாடக இசை ரசிகர்கள் கேட்டிருப்பார்கள். சுயம்பு காந்தாரம் என்று அதற்குப் பெயரே உண்டு. தம்புராவில் தந்திகள் செய்வதை இங்கே தொண்டைகள் செய்கின்றன. ஒவ்வொரு குரலுக்குள்ளும் ஒளிந்திருக்கும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது, அங்கே யாருமே பாடாத ஒரு சுரம் மணி அடித்தாற்போல் ஒலிக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஆபீஸ் முடிந்து, வீட்டு வேலை முடிந்து, வாரம் தவறாமல் காரை ஓட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறார்கள் பெண்கள்.

அந்தக் குரல் பிறக்க ஒரு நிபந்தனை உண்டு. பாடுபவர்கள் எல்லோரும் ஒரே காற்றில் நிற்க வேண்டும். 2020இல் அந்தக் காற்றே எதிரியாகிவிட்டது.

வாத்தியமே இல்லாமல் குரலை மட்டும் நம்பிப் பாடும் அ கப்பெல்லா இசையில் பார்பர்ஷாப் ஓர் அமெரிக்கக் கிளை. 1938இல் ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் ஆண்கள் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1945இல் அதே ஊரில் எட்னா மே ஆண்டர்சன் என்பவர் முன்னின்று பெண்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார். அதுதான் ஸ்வீட் அடலைன்ஸ். பின்னர் அது கடல் கடந்து பல நாடுகளில் கிளை பரப்பியது. ஆண்கள் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பெண்கள் தங்கள் மேடை, தங்கள் போட்டி, தங்கள் நடுவர்கள் என்று ஒரு தனி உலகத்தையே கட்டி முடித்துவிட்டிருந்தார்கள்.

பாடுவது பெண்கள்தான் என்றாலும் பாகங்களின் பெயர்கள் ஆண் குரலுக்கு வைத்தவையே: டெனர், லீட், பாரிடோன், பேஸ். மெட்டைப் பாடுவது லீட். அதற்கு மேலே மெல்லியதாகப் படர்வது டெனர். அடித்தளம் போடுவது பேஸ். இந்த மூன்றுக்கும் நடுவே விட்டுப்போன சுரங்களைப் பொறுக்கி நிரப்புவது பாரிடோன். அதைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. திடீரென்று ஏறும், இறங்கும், காரணமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கும். மற்ற மூன்று குரல்களும் பக்கத்தில் ஒலிக்கும்போதுதான் அந்த நடைக்கு அர்த்தம் கிடைக்கும்.

2020 மார்ச் 10. வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் வெர்னன் என்ற சிறு நகரில் ஒரு சேர்ந்திசைக் குழு வழக்கம்போல் இரண்டரை மணி நேரம் ஒத்திகை நடத்தியது. அது பார்பர்ஷாப் குழு அல்ல. ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் ஊர்க் குழு. வந்தவர்கள் 61 பேர். பெரும்பாலோர் பெண்கள், முதியவர்கள். கை கழுவினார்கள், கட்டித் தழுவுவதைத் தவிர்த்தார்கள். ஆனாலும் அவர்களில் ஒருவருக்குக் கொரோனா தொற்று இருந்திருக்கிறது. சில நாட்களுக்குள் அவரையும் சேர்த்து 53 பேர் நோயில் விழுந்தார்கள். இருவர் இறந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மே மாதம் வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் சேர்ந்து பாடுபவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது. பாடும்போது மூச்சை ஆழமாக இழுத்து, பலமாக வெளியே விடுகிறோம். அந்த மூச்சோடு வரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் மிதந்துகொண்டே இருக்கும். இருப்பதிலேயே ஆபத்தான கலைகளில் ஒன்று என்று சேர்ந்திசைக்குப் பெயர் வந்தது. ஸ்வீட் அடலைன்ஸ் தன் 75ஆம் ஆண்டில் நடத்தவிருந்த சர்வதேசப் போட்டியையே ரத்து செய்தது.

அப்புறம் எல்லோரையும்போல அவர்களும் ஜூமுக்குப் போனார்கள். அங்கேதான் சங்கடம் தொடங்கியது.

கூட்டம் போட, பாடம் நடத்த, கல்யாணம் பார்க்க இணையம் போதும். சேர்ந்து பாட மட்டும் அது உதவாது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையின் ஒரு மூலையில் இருப்பவர் குரல் எட்டு மீட்டர் தள்ளி நிற்பவரை ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் எட்டிவிடும். ஏறக்குறைய இந்த அளவு வரைதான் தாமதத்தைத் தாங்கிக்கொண்டு மனிதர்களால் தாளம் பிசகாமல் சேர்ந்து இயங்க முடிகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃப் பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே இருவரைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்துக் கை தட்டச் சொல்லி இதைச் சோதித்தார். தாமதத்தைக் கூட்டக் கூட, இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருந்து காத்திருந்து காலப்பிரமாணமே தொய்ந்துபோனது. ஜூம் போன்ற ஏற்பாடுகளில் தாமதம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கை எளிதாகத் தாண்டும். அதாவது, பக்கத்தில் நிற்க வேண்டிய தோழி 34 மீட்டர் தள்ளி நின்று பாடுவதைப்போல.

இது போதாதென்று இன்னொரு வினோதம். இந்த மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே நேரத்தில் பலர் ஒலித்தால் ஒருவரை மட்டும் முன்னே விட்டு மற்றவர்களை அமுக்கிவிடும். யாராவது ஒரு சுரத்தை நீளமாக இழுத்துப் பிடித்தால், மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். சுரத்தை இழுத்துப் பிடிப்பதே பிழைப்பாக இருப்பவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. எல்லோரும் மைக்கை மூடிக்கொள்வது. குழுவை நடத்துபவர் தன் வீட்டில் ஒரு பதிவை ஓட விடுவார். நாற்பது ஐம்பது சதுரங்களுக்குள் நாற்பது ஐம்பது வாய்கள் திறந்து மூடும். ஒரு சத்தமும் வராது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சமையலறையிலோ படுக்கையறையிலோ தன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு பாடுவாள். கை அசைப்பவருக்கோ எதுவுமே கேட்காது. யார் சுருதி இறங்கினார்கள், யார் சொல்லை விழுங்கினார்கள் என்று தெரியாமலே மௌனத்தைப் பார்த்து அவர் தாளம் போட வேண்டும்.

லீட் பாடுபவர்கள் பாக்கியசாலிகள். அவர்களிடம் மெட்டாவது இருந்தது. தனியே உட்கார்ந்து பாரிடோன் பாகத்தைப் பாடிய பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். அடுத்த அறையில் இருக்கும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அது பாட்டாகவே கேட்டிருக்காது. தன்னைத் தவிர எல்லோரும் சேர்ந்தால்தான் தனக்குப் பொருள் உண்டு என்பதை இதைவிடக் கூர்மையாக எந்தத் தத்துவமும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எதற்காக வாரா வாரம் வந்தார்கள்?

ஒத்திகை என்பதில் பாட்டு ஒரு பகுதிதான் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. இந்தக் குழுக்களில் நடுவயதைக் கடந்தவர்கள் அதிகம். ஓய்வு பெற்றவர்கள், கணவனை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியே வசிப்பவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு மாலை, குறிப்பிட்ட மணிக்கு, தன்னைக் காணோமே என்று தேட நாலு பேர் இருக்கிறார்கள் என்பது அந்த நாட்களில் சின்ன விஷயமல்ல. ஒரு சதுரம் காலியாக இருந்தால் மறுநாள் யாராவது போன் போடுவார்கள். மூச்சுப் பயிற்சிக்கும் குரல் பயிற்சிக்கும் பிறகு, நான்கு பாகத்தாரும் திரையில் தனித்தனி அறைகளாகப் பிரிந்து போவார்கள். அங்கே மைக்கைத் திறந்து ஒவ்வொருவராகப் பாடிக் காட்ட, மற்றவர்கள் திருத்துவார்கள். பாடம் கொஞ்சம், ஊர்க்கதை நிறைய. கூட்டத்தின் பின்வரிசையில் நின்று பக்கத்துக் குரலில் தொற்றிக்கொண்டு பல வருடம் ஒப்பேற்றியவர்கள் முதன்முறையாகத் தங்கள் குரலைத் தனியாகக் கேட்டார்கள். சிலர் மிரண்டார்கள். பலர் தேறினார்கள்.

தேர்வடத்தைப் பிடித்திருக்கும் கைகளில் எது இழுக்கிறது, எது சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தேர் ஓடும்போது தெரியாது. தேர் நின்றபோது தெரிந்தது.

தொழில்நுட்பம் கைகட்டி நிற்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் சேஃபும் சகாக்களும் முன்பே உருவாக்கியிருந்த ஜாக்டிரிப் என்ற மென்பொருள் தாமதத்தைப் பெருமளவு குறைத்தது. ஆனால் அதற்குக் கம்பி வழி இணைய இணைப்பு வேண்டும், நல்ல மைக் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எல்லோரும் ஒரே வட்டாரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளியே நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையிலிருந்து நியூயார்க் 13,000 கிலோமீட்டருக்கும் மேல். எந்தக் கம்பெனி என்ன செய்தாலும் குரல் போய்ச் சேரவே ஒரு நொடியின் பதினைந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். இது பொறியாளர்கள் தீர்க்கக்கூடிய குறை இல்லை. இயற்கை போட்ட வேலி.

பல ஆண்டுகளாகச் சென்னையில் இருந்தபடி அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாட்டுச் சொல்லித்தரும் நம் ஆசிரியர்களை இந்த வேலி ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். குரு பாட, சிஷ்யை கேட்டுத் திருப்பிப் பாடும் முறை அது. நடுவே அரை நொடி தவறினாலும் குடி முழுகிவிடாது. ஆனால் அதே குருவும் சிஷ்யையும் ஒரு வர்ணத்தைச் சேர்ந்து பாட முயன்றால் ஆவர்த்தனம் ஒன்று முடிவதற்குள் ஆளுக்கொரு திசையில் இருப்பார்கள்.

வேறு சிலர் திறந்தவெளிக்குப் போனார்கள். வாகன நிறுத்துமிடத்தில் அவரவர் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து, கம்பியில்லா மைக்கில் பாடி, எல்லோர் குரலும் கலந்து வருவதைக் கார் ரேடியோவின் எஃப்.எம். அலைவரிசையில் கேட்டார்கள். இணையம் இல்லாததால் தாமதமும் இல்லை. மாதக்கணக்கில் தனியே பாடியவர்களுக்குக் காருக்குள் அடுத்தவர் குரல் கேட்டதே பெரும் வரம்.

இன்னொரு பக்கம், தனித்தனியே பதிவு செய்து அனுப்பியதை ஒட்டவைக்கும் மெய்நிகர் சேர்ந்திசை பெருகியது. இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010இல் 12 நாடுகளின் 185 பேரை வைத்துச் செய்து காட்டிய வித்தை அது. 2020இல் அவருடைய இன்னொரு முயற்சியில் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் பங்கேற்றார்கள். கேட்க அற்புதமாக இருந்தது. ஆனால் பாடிய எவரும் பாடும்போது அதைக் கேட்கவில்லை. சேர்ந்து பாடிய நினைவு இல்லாமலே சேர்ந்து பாடிய சான்று மட்டும் கையில் கிடைத்தது.

தடுப்பூசி வந்தபின், 2021 முதல் படிப்படியாக மண்டபங்கள் திறந்தன. முதலில் முகக்கவசம், ஆறடி இடைவெளி, அரை மணிக்கு ஒருமுறை அறையைக் காலி செய்து காற்றை மாற்றுவது. திரும்பாதவர்களும் உண்டு. இறந்தவர்கள், உடல்நலம் அஞ்சியவர்கள், இரண்டு வருடத்தில் குரல் போனவர்கள். சில குழுக்கள் கலைந்தே போயின.

ஆனால் திரையில் ஒத்திகை நடந்தபோது வேறு சிலர் திரும்பி வந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மகள் வீட்டோடு வேறு மாநிலம் போய்விட்ட பாட்டி, முழங்கால் வலியால் மேடைப் படிகளில் நிற்க முடியாதவர், படுத்த படுக்கையான கணவனை விட்டு இரவில் வெளியே வர முடியாதவர். அவர்களுக்கு 2020 கதவை அடைத்த ஆண்டு அல்ல, திறந்த ஆண்டு. எல்லோரும் மண்டபத்துக்கு ஓடிய நாளில் அந்தக் கதவு அவர்களுக்கு மறுபடி சாத்திக்கொள்ளப் பார்த்தது. இதை உணர்ந்த குழுக்கள் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு காமிராவை வைத்தன. உணராத குழுக்களில் அவர்கள் பெயர் மட்டும் பட்டியலில் மிஞ்சியது.

ஐந்தாவது குரலை இணையம் ஒருநாளும் தராது. நான்கு குரல்களைக் கலைந்து போகாமல் காத்து வைக்க மட்டும் அதற்குத் தெரியும். அதற்கும்கூட, பதில் குரல் வராது என்று தெரிந்தும் வாரா வாரம் மைக்கை மூடிக்கொண்டு வாயைத் திறந்த பெண்கள் தேவைப்பட்டார்கள். மண்டபத்தில் அந்த மணியோசை மறுபடி எழும்போது, காமிராவுக்கு அப்பால் ஒருத்தி தன் பாரிடோன் பாகத்தைத் தனியாகப் பாடிக்கொண்டிருக்கக்கூடும். அவள் குரல் அங்கே யாருக்கும் கேட்காது. அவளையும் சேர்த்து எண்ணுகிறார்களா என்பதுதான் ஒரு சேர்ந்திசைக் குழுவுக்கு வைக்கத் தகுந்த பரீட்சை.