படகின் உடலும் காபன் நாரும்

கல்லூரியின் யூபிலி நினைவாகப் பழைய மாணவர் யாது வழங்கலாம் என்று ஆராய்ந்த கூட்டமொன்றில், வானொலி அலையால் இயங்கும் மாதிரிப் படகுகள் சிலவற்றை விஞ்ஞான மன்றத்துக்கு வாங்கிக் கொடுக்கலாமென அன்பரொருவர் முன்மொழிந்தார். "முழுவதும் காபன் நாராலானவை, உடையவே மாட்டா" என்பது அவர் காட்டிய காரணம். நோக்கம் நன்று, காரணம் ஏற்கத்தக்கதன்று. அன்று நேரமின்மையால் நாம் அரைகுறையாகச் சொல்லி அமர்ந்தவற்றை இம்மலரிற் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சியோ என்பாரும் உளர். வானொலி அலையால் தூரத்திருந்து ஆளப்பட்டவற்றுள் உலகோர் முதன்முதற் கண்டது ஒரு சிறு படகையே. 1898 இல் நியூயோர்க் நகரின் மடிசன் சதுக்க மண்டபத்தில் நிக்கொலா தெசுலா அதனை ஓட்டிக் காட்டினார். அதன் உடல் இரும்பு. அலையை ஏற்கும் கம்பியோ வெளியே மேல்நோக்கி நின்றது. அக்கம்பி ஏன் வெளியே நின்றது என்பதை அறியாமல் நாம் பட்ட அவமானத்தைப் பின்னர் கூறுவோம்.

காபன் நார் இன்று பெரும்புகழ் பெற்ற பொருள். 1960களில் யப்பானியரும் ஆங்கிலேயரும் செயற்கை நூலிழையைக் கடுஞ்சூட்டிற் கரியாக்கி அதனை வளர்த்தெடுத்தனர்; 1981 இல் மக்லாரன் பந்தயக் காரின் உடலே அதனாலாயிற்று. சாதாரண வகைக் காபன் நாரின் விறைப்பு ஏறத்தாழ 230 கிகாபசுக்கால், உருக்கினது 200, கண்ணாடி நாரினது 70 அளவே. அடர்த்தியோ உருக்கின் நான்கிலொரு பங்குக்குங் குறைவு. இவ்வெண்களைக் கேட்டவர் மயங்குவது இயல்பு. ஆயின் விறைப்பு வேறு. அடிதாங்கும் ஆற்றல் வேறு. கண்ணாடி நார் அறுவதற்கு முன் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் நீளும். காபன் நார் இரண்டு பங்கு நீளுமுன்னரே அறும். ஒன்று வளைந்து கொடுக்கும். மற்றையது வளையாது நின்று திடீரென முறியும்.

இதனை நூலிற் படித்து நாம் உணர்ந்தோமல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் இருவரும் நாமுமாக எண்பது சென்ரிமீற்றர் நீளமான படகொன்றை அணியந் தொடக்கம் கடையார் வரை ஈரடுக்குக் காபன் துணியாற் போர்த்தோம். கறுத்து மினுங்கிய அதன் அழகைக் கண்டு ஊரே வியந்தது. கடனீரேரியில் இறக்கினோம். கரையோரத்தில் ஒழுங்காகவே ஓடிற்று. நூறு யார் சென்றதும் எமது கட்டளையை மதியாது நேரே போய்க்கொண்டிருந்தது. காபன் மின்னைக் கடத்தும் பொருள். 2.4 கிகாகேற்சு அலையை வாங்கும் சிறு கம்பியை நாம் அக்கரும்பெட்டிக்குள்ளே அடைத்து வைத்திருந்தோம். தொடர்பு அறுந்தால் மோட்டர் தானே நிற்குமாறு ஒழுங்கு செய்யவும் மறந்திருந்தோம். மாலையில் முதியவரொருவர் படகைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். "தம்பிமார், உங்கடை கறுப்புக் கப்பல் எங்கடை களங்கண்ணித் தடியிலை போய் இடிச்சுக்கொண்டு நிண்டது" என்றார். அணியத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு உடல் பிளந்திருந்தது. கண்ணாடி நாராயின் வெண்மையான காயமொன்றுடன் தப்பியிருக்கும் என்பதே எம் துணிபு. உள்ளே பார்த்தபோது மற்றொன்றுங் கண்டோம்: மோட்டரைத் தாங்கிய அலுமினியத் தகடு காபனைத் தொட்ட இடங்களில் வெண்பொடி பூத்து அரிக்கத் தொடங்கியிருந்தது. உப்புநீர் நனைந்த காபனும் அலுமினியமும் சேர்ந்தால் அவை ஒரு மின்கலமாகும், தேய்வது அலுமினியமே. நீரிறக்குமுன் குளியற்றொட்டியில் உப்புக் கரைத்துப் பலநாட் பரிசோதித்த பெருமை எமக்குரியது. அப்பரிசோதனையின்போது தகட்டைக் கழற்றிப் பாராத பேதைமையும் எமக்கே உரியது.

ஆயின் காபனை விலக்குக என்பதன்று எம் கருத்து. இருக்கவேண்டிய இடத்தில் அது இருக்கட்டும் என்கின்றோம். விரைந்தோடும் படகுக்குத் துன்பம் எல்லாவிடத்தும் ஒப்ப வருவதில்லை. சுக்கானும் விசிறித் தண்டின் தாங்கியும் பூட்டப்படும் பின்பலகை, மோட்டர் இருக்கை, அலை மோதும் தட்டையான அடிப்பாகம், மேற்றளமும் உடலும் பொருந்தும் விளிம்பு ஆகியனவே முதலில் தளர்வன. உடல் முழுவதுக்கும் கண்ணாடி நார்த் துணி போதும். ஏராவின் வழியே ஒரு காபன் பட்டி. அடிப்பாகத்தில் நெடுகிலும் இரண்டு. பின்பலகையில், முறுக்கைத் தாங்குமாறு சாய்கோணத்தில் வெட்டிய துண்டுகள். அவற்றின் ஓரங்கள் ஒரே கோட்டில் முடியலாகாது. ஒன்றைவிட ஒன்று நீண்டு படிபடியாய் முடிதல் வேண்டும். அன்றேல் பட்டி முடியுமிடத்தில் உடல் மடிந்து வெடிக்கும். அணியத்துக்குக் காபன் வேண்டா. அங்கு இன்னோரடுக்குக் கண்ணாடி நாரே நன்று. அலுமினியம் பொருந்துமிடத்தில் இடையே கண்ணாடி நார்த் துண்டொன்று இருந்தால் அரிப்பு இல்லை. அலைவாங்கிக் கம்பியைச் சிறு குழாயினூடே மேற்றளத்துக்கு வெளியே நிறுத்துக.

இன்னுமொன்று. தட்டையான பலகையின் வளைவெதிர்ப்பு அதன் தடிப்பின் கனத்துக்கு ஏற்ப உயரும். தடிப்பு இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. ஆதலால் இரண்டு மெல்லிய கண்ணாடி நார் அடுக்குகளுக்கிடையே மூன்று மில்லிமீற்றர் பல்சா மரத்தை வைத்து ஒட்டினால், விலையுயர்ந்த காபனை நாடாமலே அடிப்பாகத்தை விறைப்பாக்கலாம். பௌதிகவியல் வகுப்பிற் கரும்பலகையில் எழுதி அழித்த இவ்விதி மாணவன் கையில் அமுக்கிப் பார்க்கும் பொருளாவது இங்கேதான். வாங்கிய படகில் இதற்கு இடமேது?

எமது கரையோரங்களில் நார்ப்படகு திருத்துவோர் பலருளர். அவரிடம் மாணவர் சென்று கற்கலாம். ஆயின் ஒரு வேறுபாட்டை மனத்திருத்துதல் நன்று. அவர்கள் கையாளும் பொலியெசுத்தர் பிசினில், உறைவிக்கும் திரவத்தின் துளிகளை வெயிலுக்கேற்பக் கூட்டிக் குறைப்பர். எப்பொக்சிக்கு அது ஆகாது. அதன் இரு பாகங்களும் ஒன்றோடொன்று இணைந்தே உறைகின்றன. அளவு பிசகினால் என்றும் பிசுபிசுத்துக் கிடக்கும். எம்மூர் வெப்பத்தில் அது விரைந்து சூடேறும். எனவே சிறிது சிறிதாய்க் கலந்து, அகன்ற தட்டிற் பரப்பி வைத்தல் வேண்டும். துணியின் நிறைக்கு ஒத்த நிறை பிசின் போதும், மிகுதி வெறுஞ்சுமை. உறைந்த பின்னரும் கறுப்பு உடலை நண்பகல் வெயிலில் விட்டுவிட்டால் அறை வெப்பத்தில் உறைந்த எப்பொக்சி இளகலாம். வெண்ணிறம் பூசுதல் அழகைக் குறைப்பினும் ஆயுளைக் கூட்டும். அரத்தாள் தேய்க்குங்கால் எழும் தூள் நுரையீரலுக்குப் பகை. இலத்திரனியற் பாகங்களிற் படிந்தால் மின்னொழுக்கும் உண்டாகும். முகமூடியும் கையுறையும் இன்றி எந்த மாணவனும் இவ்வேலையைத் தொடலாகாது.

வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைச் சென்றடைந்ததை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். அங்ஙனம் உரைப்போருள் ஓர் ஏராவைச் செதுக்கவோ, ஒரு மூட்டைப் பொருத்தவோ அறிந்தவர் எத்தனை பேர்? நாமும் அறியோம், அறிய முயன்று ஒரு படகை உடைத்தோம், அவ்வளவே.

ஆதலின் எமது வேண்டுகோள் இது. ஆயத்தப் படகுகளுக்கென ஒதுக்கவிருக்கும் பணத்திற் கண்ணாடி நார்த் துணியும், அதனிலுஞ் சிறிதளவு காபனும், எப்பொக்சியும், கிராமை அளக்கும் தராசும், முகமூடிகளும், பழைய ஆய்கூடத்துக்குக் காற்றோட்டந் தரும் விசிறியும் வாங்குவோம். முதலாண்டிற் செய்யும் படகுகள் உடையும். உடைந்தவற்றை எறியாது, எங்கே உடைந்தது, எந்த அடுக்குப் பிரிந்தது என்று எழுதி ஒட்டி வைக்க ஓர் அலுமாரியும் வேண்டும். அதற்கு முதற்பொருளாக எமது பிளந்த கரும்படகை மன்றப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைத்துள்ளோம். வெடிப்பைத் தடவிப் பார்க்க விரும்பும் மாணவர் கையுறை அணிக. நார்ச் சிராய்கள் விரலில் ஏறினால் எடுப்பது எளிதன்று.